அதே முகம், அதே ஜன்னல்: ஃபிலிமில் வந்த டோனும் பின்னணி மங்கலும் என் டிஜிட்டலில் ஏன் வரவில்லை?

நிழல்கோடு:

எல்லோருக்கும் வணக்கம். போர்ட்ரெயிட் எடுப்பவர்கள் கொஞ்சம் தெளிவுபடுத்துங்கள்.

என் அக்காவை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து நானும் என் நண்பனும் ஒரே மதியத்தில் படம் எடுத்தோம். அவனிடம் இருப்பது பழைய ரோலைஃப்ளெக்ஸ், 80 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ். உள்ளே இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிம். என்னிடம் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) டிஜிட்டல் கேமரா, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். அவன் லென்ஸை முழுதாகத் திறந்து எஃப்/2.8-இல் எடுத்தான். ஒப்பிட வேண்டுமே என்று நானும் எஃப்/2.8 வைத்தேன். அவன் படம் சதுரம், அதனால் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தேன். நான் எடுத்தது ஜேபெக். கம்ப்யூட்டரில் சாச்சுரேஷனைப் பூஜ்ஜியமாக்கிக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன்.

அவன் படத்தில் அக்காவின் மாநிறம் மாநிறமாகவே இருக்கிறது. ஜன்னல் பக்கக் கன்னத்திலிருந்து மறுபக்கக் காது வரை வெளிச்சம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இறங்குகிறது. நெற்றியின் பளபளப்புக்குள் கூடத் தோல் தெரிகிறது. பின்னால் ஒன்றரை மீட்டரில் இருந்த புத்தக அலமாரி கரைந்துபோயிருக்கிறது.

என் படத்தில் நெற்றியில் வெள்ளைத் திட்டு. கன்னம் உயிரில்லாத சாம்பல். அலமாரியில் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகும் இரட்டைக் கோடாக நிற்கிறது.

இது ஃபிலிமின் குணமா? நானும் ஃபிலிம் கேமரா வாங்க வேண்டுமா, அல்லது ஃபுல் ஃபிரேமுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) போனால் போதுமா?

பிக்சல்பாண்டி:

எதுவும் வாங்க வேண்டாம் நண்பா. எச்பி5 லுக் தரும் பிரீசெட்கள் (தயார்நிலை எடிட் அமைப்புகள்) நிறையக் கிடைக்கின்றன, ஒன்றைப் போடுங்கள். பின்னணிக்கு ஆளை மாஸ்க் செய்துவிட்டு பிளர் கொடுங்கள். இப்போது ஃபோனே இதைச் செய்கிறது.

இருட்டறை மூர்த்தி:

பாண்டி சொன்னதை அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள் தம்பி. மாஸ்க் போட்டு மங்கலாக்கினால் அலமாரியின் மேல்தட்டும் பக்கத்தில் இருக்கும் நாற்காலிக் கையும் ஒரே அளவில் மங்கும். லென்ஸில் வரும் மங்கல் தூரத்துக்குத் தகுந்தபடி கூடிக் குறையும். நெற்றியோரத்து முடி என்ன ஆகும் என்பதை ஃபோன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

நான் ஸ்டுடியோவில் ஃபிலிமில் தொழில் செய்தவன், பிரிண்டும் நானே போட்டவன். இப்போது டிஜிட்டலில்தான் எடுக்கிறேன், ஃபிலிமுக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. அதனால் எந்தப் பக்கமும் சாயாமல் சொல்கிறேன். நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். பின்னணி மங்குவதற்கும் ஃபிலிமுக்கும் சம்பந்தமே இல்லை. டோனுக்கு, அதாவது வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு இறங்கும் சாம்பல் படிகளுக்கு, சம்பந்தம் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதலில் மங்கல். நீங்கள் இருவரும் எஃப்/2.8 வைத்தது வெளிச்சத்தின் அளவைத்தான் சமமாக்கியது. மங்கலைத் தீர்மானிப்பது லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது வந்துவிடும். உங்கள் நண்பருக்கு 80-ஐ 2.8-ஆல் வகுத்தால் சுமார் 28.5 மி.மீ. உங்களுக்கு 50-ஐ 2.8-ஆல் வகுத்தால் சுமார் 18 மி.மீ. போட்டி தொடங்கும்போதே நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். வேடிக்கை என்னவென்றால், உங்கள் லென்ஸை எஃப்/1.8-க்குத் திறந்திருந்தால் உங்களுக்கும் கிட்டத்தட்ட 28 மி.மீ. வந்திருக்கும். அவருடைய ரோலைஃப்ளெக்ஸில் இருக்கும் அதே ஓட்டை உங்கள் பையில் இருக்கும் லென்ஸிலும் இருக்கிறது.

இந்தத் திறப்பு எண்ணை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பின்னணி மிகத் தொலைவில் இருந்தால், அங்கே இருக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி படத்தில் எவ்வளவு பெரிய வட்டமாக விரியும் தெரியுமா? முகம் இருக்கும் இடத்தில் வைத்து அளந்தால் சரியாக அந்தத் திறப்பின் அகலம்தான். 28 மி.மீ. திறப்பு என்றால் முகத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரு வட்டம். சென்சார் சின்னதா பெரியதா, ஃபிலிமா சிப்பா என்ற கேள்வியே இதில் வராது.

ஆனால் உங்கள் அலமாரி தொலைவில் இல்லை, ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. அப்போது முழு வட்டம் கிடைக்காது. ஆளிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரத்தை, கேமராவிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரத்தால் வகுத்து, திறப்போடு பெருக்க வேண்டும். ஆகவே கேமரா எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இப்போது நீங்கள் நின்ற இடத்தைப் பாருங்கள். 70 செ.மீ. அகலமும் உயரமும் சட்டத்துக்குள் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரோலைஃப்ளெக்ஸின் சதுர 6x6 ஃபிலிமின் பக்கம் 56 மி.மீ., 80 லென்ஸோடு உங்கள் நண்பர் சுமார் 1.1 மீட்டரில் நின்றால் போதும். உங்கள் சென்சாரின் குறுகிய பக்கம் 15.6 மி.மீ.தான். சதுரமாக வெட்டப் போகிறேன் என்று முடிவெடுத்த உடனேயே நீங்கள் சுமார் 2.3 மீட்டருக்குப் பின்வாங்க வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டால் அவருக்கு அலமாரியின் ஒவ்வொரு புள்ளியும் பதினாறரை மி.மீ. வட்டமாக விரிகிறது, உங்களுக்கு ஏழு. பாதி கூட இல்லை. இதில் எச்பி5-க்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை.

சரி, எஃப்/1.8-க்குத் திறந்து, வெட்டாமல், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒன்றரை மீட்டரில் நின்றால்? 14 மி.மீ. வந்துவிடும். அதோடு அக்காவின் நாற்காலியை அலமாரியிலிருந்து ஒன்றரைக்குப் பதில் மூன்று மீட்டர் முன்னால் இழுத்துப் போட்டால் 18 மி.மீ. உங்கள் நண்பரின் படத்தையே தாண்டிவிடுவீர்கள். செலவு இல்லை, நாற்காலியைத் தூக்கும் வேலை மட்டும். நாற்காலி நகர்ந்தால் ஜன்னல் வெளிச்சமும் மாறுமே என்பீர்கள். அப்படியானால் ஆளையும் கேமராவையும் சேர்த்துத் திருப்பி, அறையின் நீளவாட்டில் பின்னணி விழும்படி செய்யுங்கள். நாங்கள் சின்ன ஸ்டுடியோக்களில் மூலைக்கு மூலை குறுக்காக எடுத்ததெல்லாம் இதற்காகத்தான்.

இரட்டைக் கோடு வேறு கதை. மலிவான 50 எஃப்/1.8 லென்ஸ்கள் பலவற்றில் மங்கல் வட்டத்தின் நடுப்பகுதி வெளுப்பில்லாமல் விளிம்பு மட்டும் பிரகாசமாக இருக்கும். கோளப் பிறழ்ச்சியை (லென்ஸின் நடுவும் ஓரமும் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காத குறை) அளவுக்கு மீறித் திருத்தினால் ஆளுக்குப் பின்னால் இருக்கும் பொருட்களுக்கு இப்படி ஆகும். புள்ளி என்றால் வளையம், கோடு என்றால் இரண்டு கோடு. நிக்கான் 105, 135 மி.மீ. டிசி லென்ஸ்களில் இந்தப் பிறழ்ச்சியையே ஒரு வளையத்தால் கூட்டிக் குறைக்கலாம், பின்னணிக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ளலாம். உங்கள் லென்ஸில் அந்த வசதி இல்லை, ஆகவே புத்தக முதுகு, கிளைகள், கம்பி மாதிரி கோடு கோடாக இருப்பவற்றைப் பின்னால் வைக்காதீர்கள். ஜேபெக்கில் கேமரா தானாகச் சேர்க்கும் ஷார்ப்பனிங்கும் அந்த விளிம்புகளை இன்னும் தீட்டிவிடுகிறது. அதைக் குறைத்து வையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ரோலைஃப்ளெக்ஸை வயிற்றருகே வைத்து மேலிருந்து குனிந்து பார்ப்பார்கள். கேமரா தாழ இருப்பதால் முகத்துக்குப் பின்னால் அலமாரியின் மேல்பகுதியும் சுவரும் வந்திருக்கும். நீங்கள் நின்று எடுத்திருந்தால் தரையும் கீழ்த்தட்டும் வந்திருக்கும். இதை யாரும் ஃபிலிமின் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் சரி.

இனி டோன். இங்கேதான் நான் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்சார் நேர்கோட்டில் வேலை செய்கிறது. இரு மடங்கு ஒளி, இரு மடங்கு எண். நிரம்பிய குடத்தில் ஊற்றினால் எப்படிக் கணக்கில் வராதோ அப்படி உச்சிக்கு மேல் வருவதெல்லாம் வெறும் வெள்ளை. லைட் மீட்டர் காட்டும் நடுச்சாம்பலுக்கு மேலே உங்களுக்கு இரண்டரை முதல் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) இடம்தான். மாநிறத் தோல் அந்த நடுச்சாம்பலுக்குப் பக்கத்திலோ கொஞ்சம் கீழேயோ உட்கார்ந்திருக்கும். ஆனால் நெற்றியின் பளபளப்பு தோலின் நிறம் இல்லை, அது ஜன்னலின் பிரதிபலிப்பு. அது தோலைவிட மூன்று நான்கு ஸ்டாப் மேலே போய்விடும். மாநிற, கரிய தோல்களில் இந்த இடைவெளி வெளிர் தோலைவிட அதிகம், ஆகவே திட்டும் அதிகமாக உறுத்தும். ஜேபெக்கில் தோலுக்கு முதலில் போய் முட்டுவது சிவப்பு. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பங்கீட்டு வரைபடம்) மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள், சிவப்பு வலது சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நெகட்டிவில் அப்படி இல்லை. அதிக ஒளி விழுந்த இடம் இன்னும் அடர்த்தியாகும், அவ்வளவுதான். 1890-இலேயே ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒளிக்கும் அடர்த்திக்கும் உள்ள இந்த உறவை வளைகோடாக வரைந்து காட்டிவிட்டார்கள். அடியில் ஒரு பாதம், நடுவில் நீண்ட நேர்கோடு, மேலே தோள்பட்டை. எல்லோரும் அந்தத் தோள்பட்டைதான் ஃபிலிமின் மென்மை என்கிறார்கள். எச்பி5 மாதிரி ஃபிலிமில், சரியாகக் கழுவியிருந்தால், உங்கள் அக்காவின் நெற்றி தோள்பட்டையைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது, நேர்கோட்டில்தான் இருந்திருக்கும். மென்மை வந்தது பிரிண்டிலிருந்து. நெகட்டிவின் அடர்ந்த பகுதி தாளில் கொஞ்சம் ஒளியைத்தான் விடும், ஆக வெளிச்சப் பகுதிகள் தாளின் பாதத்தில் வந்து உட்காரும். தாளின் வெள்ளைக்குப் போகும் வழியில் டோன்கள் நெருக்கி நெருக்கி அடுக்கப்படுவது அங்கே. ஸ்கேன் செய்திருந்தால் அந்த வேலையை ஸ்கேனரின் மென்பொருள் செய்திருக்கும். நீங்கள் பார்த்து மயங்கியது ஃபிலிம் பாதி, அதைப் படமாக்கிய கை பாதி.

டிஜிட்டலில் அந்தக் கையாக நீங்கள் இருக்க வேண்டும். ராவில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக, எடுங்கள். நெற்றி முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள், அரை ஸ்டாப்போ ஒன்றோ. பிறகு கர்வில் (மென்பொருளில் டோனைச் சரிசெய்யும் வளைகோடு) நடுப்பகுதியைத் தூக்கி, மேல் கால்பகுதியைச் சாய்வு குறைந்த வளைவாக விடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. கன்னத்திலிருந்து காதுக்கு இறங்கும் அந்தச் சரிவுக்கு இந்தப் படிகள் வேண்டும்.

சாச்சுரேஷனைப் பூஜ்ஜியமாக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அது மூன்று நிறங்களையும் மென்பொருளின் கணக்கில் கலந்துவிடும், உங்கள் அக்காவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சேனல் மிக்சரைத் திறந்து ஒவ்வொரு நிறத்தையும் தனியாகப் பாருங்கள். சிவப்பில் தோல் வெளுத்து வழவழப்பாக இருக்கும், நீலத்தில் கறுத்து ஒவ்வொரு தழும்பும் கருந்திட்டும் எழுந்து நிற்கும். சிவப்பையும் பச்சையையும் சம அளவில் தொடங்கி, நீலத்தைப் பேருக்கு வைத்து, மாநிறம் மாநிறமாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் இதை லென்ஸின் முன்னால் மஞ்சள், மஞ்சள்பச்சை ஃபில்டர்களால் செய்தோம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கைக்குட்டையால் நெற்றியை ஒற்றியெடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

வெள்ளித்துகள்:

மூர்த்தி சார் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஃபிலிமுக்கு மங்கலில் பங்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் இன்றும் 6x7-இல் எச்பி5-உம் ட்ரை-எக்ஸும் போடுகிறேன்.

டிஜிட்டலில் குவியம் இழந்த பகுதி வெறுமையாக இருக்கிறது. முகத்தில் ஏகப்பட்ட விவரம், பின்னால் ஒன்றுமே இல்லை, இரண்டும் தனித்தனிப் படங்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஃபிலிமில் கூர்மையான கண்ணிமையின் மேலும் கரைந்த அலமாரியின் மேலும் ஒரே வெள்ளித் துகள்தான் (கிரெய்ன்) படிந்திருக்கும். முகத்தையும் பின்னணியையும் அது கட்டிவைக்கிறது. கூர்மையிலிருந்து மங்கலுக்குப் போகும் எல்லை எங்கே என்று கண் தேடுவதே இல்லை. டிஜிட்டல் இரைச்சலால் (நாய்ஸ்) இதைச் செய்ய முடியாது, அது நிழலில்தான் மொய்க்கும். துகள் நடுச்சாம்பலில் நன்றாகத் தெரியும், தோல் இருப்பதும் அங்கேதான்.

நெகட்டிவின் பரப்பையும் மறக்கக் கூடாது. 6x6 என்றால் 3,136 சதுர மி.மீ. உங்கள் ஏபிஎஸ்-சி 370-ஐக் கூட எட்டாது. அதே எச்பி5-ஐ 35 மி.மீ. கேமராவில் போட்டு அதே அளவு பிரிண்ட் எடுத்தால் அந்தச் சரிவு இவ்வளவு வழுக்கிக்கொண்டு போகாது. நண்பரின் படத்தில் இருப்பது ஃபிலிம் லுக் என்பதைவிடப் பெரிய நெகட்டிவ் லுக் என்றால் இன்னும் சரி.

ஃபிலிமைக் கொண்டாடுபவள் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கலர் ஃபிலிம் எல்லாத் தோலுக்கும் நியாயமாக இருந்ததில்லை. லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த ஷர்லி கார்டுகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. கறுப்பிலிருந்து வெள்ளை வரை டோன்களைப் படிகளாக எண்ணும் ஜோன் சிஸ்டத்தில் ஐந்தாவது நடுச்சாம்பல், தோலை ஆறில் வை என்று பாடமாகச் சொல்வார்கள். அது வெளிர் தோலுக்கான விதி. நம் முகங்களை ஆறில் வைத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். ஐந்திலோ, நாலரையிலோ வையுங்கள். இது டிஜிட்டலுக்கும் பொருந்தும்.

இருட்டறை மூர்த்தி:

துகள் பற்றி அம்மா சொன்னது சரி, அதை நான் விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது. தம்பி, துகள் சேர்த்தால் கடைசி வேலையாக, படம் முழுவதற்கும் ஒரே சீராகச் சேருங்கள். சிலர் பின்னணிக்கு மட்டும் போடுகிறார்கள், பார்க்கச் சகிக்காது. அளவைப் பிரிண்ட் அளவில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஃபுல் ஃபிரேம் கேட்டிருந்தீர்கள். அதே 50 எஃப்/1.8-ஐ அதில் மாட்டினால் திறப்பு மாறாது, கிட்டே நிற்கலாம் என்பதால் கொஞ்சம் கூடும். அந்தப் பணத்தில் 85 எஃப்/1.8 வாங்கினால் 47 மி.மீ. திறப்பு கிடைக்கும். ஆனால் உங்கள் கேமராவில் இரண்டரை மீட்டர் பின்னால் போக வேண்டும், அறை இடம் கொடுக்குமா பாருங்கள். பிக்சல்பாண்டியின் பிரீசெட்டை கர்வ் சரியான பிறகு போட்டால் கெடுதல் இல்லை. வெள்ளையாகிப்போன நெற்றியை எந்த பிரீசெட்டும் மீட்டுத் தராது.

நிழல்கோடு:

மூர்த்தி சார், வெள்ளித்துகள் அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று அக்காவை மறுபடி உட்கார வைத்தேன். ரா, எஃப்/1.8, ஒன்றரை மீட்டரில் நின்று செங்குத்தாக, அலமாரி மூன்று மீட்டர் பின்னால். மங்கலில் இப்போது நண்பனே ஒத்துக்கொண்டுவிட்டான். நெற்றியில் திட்டு இல்லை. சிவப்பு 50, பச்சை 45, நீலம் 5 என்று கலந்ததில் அக்காவின் நிறம் வந்துவிட்டது.

இரண்டு பிரச்சினைகள் மிச்சம். 100 சதவீதத்தில் பார்த்தால் கிட்டே இருக்கும் கண் மட்டும் கூர்மை, மற்றது இல்லை. நண்பனின் படத்தில் இரண்டுமே சரியாக இருக்கின்றன. அப்புறம், ஜன்னலுக்கு மறுபக்கக் கன்னத்தைத் தூக்கினால் இரைச்சல் வருகிறது.

இருட்டறை மூர்த்தி:

கண்: 100 சதவீதத்தில் பார்ப்பதை நிறுத்துங்கள். வழக்கமான கணக்கில் உங்கள் படத்துக்குச் சுமார் 6 செ.மீ. ஆழம் கூர்மையாக இருக்கும். அந்தக் கணக்கு பிரிண்டைக் கையில் வைத்துப் பார்ப்பவருக்கானது, அது 0.02 மி.மீ. வரை மங்கலைப் பொறுத்துக்கொள்ளும். உங்கள் பிக்சல் சுமார் 0.004 மி.மீ. பிக்சலாகப் பார்த்தால் அந்த 6 செ.மீ. ஒன்றேகால் செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். நண்பரின் படத்தை யாரும் அந்த அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை, அவருடைய ஆழம் உங்களுடையதைவிடக் குறைவுதான். இருந்தாலும் உறுத்தினால் எஃப்/2.2-க்கு மூடுங்கள். அலமாரி மூன்று மீட்டரில் இருப்பதால் அப்போதும் 15 மி.மீ. மங்கல் மிஞ்சும். முகத்தையும் கொஞ்சம் கேமரா பக்கம் திருப்பச் சொல்லுங்கள், இரண்டு கண்களும் ஒரே தூரத்துக்கு வந்துவிடும்.

இரைச்சல்: நெற்றிக்காக எக்ஸ்போஷரைக் குறைத்ததன் கூலி அது. ஃபிலிமில் நிழலுக்குத் தாராளமாக ஒளி கொடுத்துவிட்டு வெளிச்சப் பகுதியைக் கழுவும்போது பார்த்துக்கொள்வோம், இங்கே தலைகீழ். ஆகவே ஸ்லைடரால் தூக்காமல் வெளிச்சத்தால் தூக்குங்கள். ஒரு வெள்ளை அட்டையை அந்தக் கன்னத்துக்கு அரை மீட்டரில், சட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள். ஒரு ஸ்டாப் ஏறினாலே போதும், அதற்கு மேல் கிட்டே கொண்டுபோனால் முகம் தட்டையாகிவிடும். ஐஎஸ்ஓ என்ன வைத்தீர்கள் என்று சொல்லவில்லையே? அடுத்த முறை எழுதும்போது அதையும் போடுங்கள்.